புலித்தலை ராட்சசனும் அத்திபெலே பேராண்டியும்

பேராண்டி, கோவிச்சுக்காம ஒண்ணு சொல்லு. புஸ்தகம் வாங்கறது படிக்கறதுக்கா, பிளாஸ்டிக் உறை போட்டுப் பூஜை பண்றதுக்கா? பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில வாடகை கட்டுப்படி ஆகலேன்னு அத்திபெலேயில வந்து குந்தியிருக்கிற பையன், அமெரிக்காக்காரன் நாப்பது வருஷத்துக்கு முன்னால விளையாட்டுக்குன்னு அடிச்ச பத்திரிகையக் கப்பல் கூலி குடுத்து வரவழைக்கிறான்னா ரெண்டே காரணம்தான் இருக்கும். ஒண்ணு, சம்பளம் ஜாஸ்தி. இல்லேன்னா, இன்னும் கல்யாணம் ஆகல. சம்பளம் ஜாஸ்தியா இருந்தா நீ இந்த ஊருக்கே வந்திருக்க மாட்டே.

நீ ஆபீஸ் போன பொறவு அந்தப் பத்திரிகைப் பெட்டியத் தொறந்தவன் நான்தான். உறைய எல்லாம் உருவிட்டேன். பயப்படாதே, கையக் கழுவிட்டுத்தான் தொட்டேன். எங்கியாச்சும் எண்ணெய்க் கறை இருந்தா அது உங்க பாட்டி வேலை. நான் படிச்சது எட்டாங்கிளாஸ்; இங்கிலீஷ எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். வௌங்காததை உன் சிநேகிதப் பையன்கிட்ட நைசாக் கேட்டுக்கிட்டேன். அவன் பேரைச் சொல்ல மாட்டேன், டீக்கு வாக்குக் குடுத்திருக்கேன்.

அந்தப் பத்திரிகையில வர்றது என்ன ஆட்டம்னு எதுத்த வீட்டு கவுடரு கேட்டாரு. நான் சொன்னேன்: மேசையச் சுத்தி அஞ்சாறு பேர் குந்துவாங்க. ஆளுக்கொரு வேஷம். ஒருத்தன் வாள்காரன், ஒருத்தன் மந்திரவாதி, ஒருத்தி திருடி. அரிதாரம் கிடையாது, கிரீடம் கிடையாது, வாய்தான். ஒருத்தன் மட்டும் வேஷம் போடாம நடுவுல இருந்து கதை சொல்லுவான். “இருட்டுக் குகை, உள்ளே ஏதோ மூச்சு விடுது, என்ன பண்றீங்க?”ம்பான். அவனுக்கு டஞ்சன் மாஸ்டர்னு பேரு. நம்ம தெருக்கூத்துல கட்டியங்காரன் இருக்கானே, அவனேதான். ராசாவையே நிறுத்தி வச்சு நீ யாரு, எந்த ஊருன்னு கேப்பான். வழியும் காட்டுவான், நக்கலும் அடிப்பான். ஒரு வித்தியாசம் உண்டு. திரௌபதி அம்மன் கோயில் பாரதத்துல சூது ஆடற ராத்திரி தருமர் தோத்தே ஆகணும். நான் பொடியனா இருந்தப்பவும் தோத்தாரு, இப்பவும் தோக்கறாரு. இந்த ஆட்டத்துல பகடைய நெசமாவே உருட்டறாங்க. தருமர் ஒருவேளை ஜெயிச்சும் தொலைக்கலாம்! இதைக் கேட்டதும் கவுடரு நாற்காலிய இழுத்துப் போட்டுக் குந்திட்டாரு.

இத்தனைக்கும் ஆரம்பிச்சவரு பெரிய படிப்பாளி கிடையாது. கேரி கைகாக்ஸுன்னு பேரு. விஸ்கான்சின் மாநிலத்துல லேக் ஜெனீவாங்கற சின்ன ஊரு. இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலை போன பொறவு வீட்டு நிலவறையில செருப்பு ரிப்பேர் பண்ணிப் பொழைச்சவரு. டேவ் ஆர்னெசன்னு ஒரு கூட்டாளியோட சேர்ந்து ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’னு இந்த ஆட்டத்தை உண்டாக்கி, 1974ல ஆயிரமே பெட்டி போட்டாரு. வீட்டுலயே உக்காந்து கோத்து ஒட்டின பெட்டி. ஒண்ணு பத்து டாலர். அந்த ஆயிரத்துல ஒண்ணு உங்கிட்ட இருந்தா உனக்குப் பொண்ணு நானே பாப்பேன், சீதனமும் வேணாம்பேன். உங்கிட்ட இருக்கறது பத்திரிகைதானே!

1975ல ‘தி ஸ்ட்ராட்டஜிக் ரிவ்யூ’ன்னு சன்னமா ஒண்ணு போட்டுப் பார்த்தாங்க. ஏழு இதழ் வந்துச்சு. 1976 ஜூன்ல அதையே பெருசாக்கி ‘தி டிராகன்’னு பேரு வச்சாங்க. இதெல்லாம் உனக்கே தெரியும். எனக்கு ருசியா இருந்தது வேற. அந்தச் சன்னப் பத்திரிகையோட அஞ்சாவது இதழ்ல, 1975 டிசம்பர்ல, நம்மாளு ஒருத்தன் அமெரிக்காவுக்குப் போய் எறங்கியிருக்கான். ராட்சசன்! பேரே அதுதான். அதுக்கு ஒரு வருஷம் முன்னால அங்க டிவியில ‘கோல்சாக்’னு ஒரு பேய்த் தொடர்ல இந்திய ராட்சசன் வந்தானாம். அங்கிருந்துதான் பிடிச்சுட்டு வந்தாங்கன்னு விஷயம் தெரிஞ்சவங்க சொல்றாங்க. ராமாயணத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கல, டிவியைப் பார்த்தே முடிச்சுட்டாங்க. 1977ல வந்த அரக்கர் புஸ்தகத்துல அவன் படத்தைக் காட்டினான் உன் சிநேகிதன். புலித்தலை. உடம்புல கோட்டு. கையில சுங்கான். ஹாயாப் புகை விடறான், அத்திபெலேயில சைட் வித்து முடிச்ச புரோக்கர் மாதிரி!

நம்ம கூத்துல பகாசூரன் வந்தா வண்டிச் சோறு வேணும், அடவு குலுங்கணும். இவனோ சத்தமே போடாத ராட்சசன். ஆளோட மனசைப் படிச்சு, அவன் நம்பற ஒருத்தரோட உருவத்துலயே வருவானாம். சாதாரண ஆயுதம் பலிக்காதாம். மந்திரிச்ச அம்பு பட்டா அந்த எடத்துலயே சாவானாம். அவங்க ஊருக்கு இது புதுசா இருக்கலாம். நம்ம ஊர்ல மாமா, சித்தப்பா, ஸ்கூல் சிநேகிதன் உருவத்துல வந்து, ஒரே ரெவின்யூ சைட்டை மூணு பேருக்கு வித்த ராட்சசனுங்களை நான் கண்ணாலே பார்த்தவன். புலித்தலை மட்டும்தான் இருக்காது. கையில செராக்ஸ் கட்டு இருக்கும். மந்திரிச்ச அம்பு கிடைச்சா எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வா.

1980ல இன்னும் ஒரு படி மேல போயிட்டாங்க. சாமிங்களுக்குன்னே ஒரு விதிப் புஸ்தகம். கிரேக்க சாமி, எகிப்து சாமியோட நம்ம இந்திரன், அக்னி, காளி, எமன் எல்லாரும் வரிசையில நிக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கும் உயிர்ப் புள்ளி இவ்வளவுன்னு கணக்கு. எமனுக்கே உயிர்ப் புள்ளிடா! புள்ளி தீர்ந்தா எமன் காலி. இது தெரியாம மார்க்கண்டேயன் லிங்கத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதிருக்கான் பாவம்.

சரி, பத்திரிகைக்கு வர்றேன். உறைக்குள்ள வச்சிருந்தா உனக்கு எப்படித் தெரியும், உள்ள நடக்கற கூத்து? வாசகர் கடிதத்தைப் படி. 1979லயிருந்து ‘ஞானி அறிவுரை’ மாதிரி ஒரு பகுதி வச்சிருந்தாங்க. விதியில சந்தேகம் கேக்கறவங்களுக்குப் பதில் சொல்ற எடம். தபால் போட்டுட்டு மாசக்கணக்குல காத்துக் கெடந்திருக்காங்க. எதுக்கு? ஆட்டத்துல ஒருத்தன் பள்ளத்துல விழுந்தா எவ்வளவு அடிபடும்னு கேக்க! விதிப்படி பத்தடிக்கு ஒரு பகடை உருட்டணும், வர்ற எண்ணுதான் அடி. அப்படிப் பார்த்தா நம்ம அறுபதடிக் கிணத்துல விழுந்தவனுக்கு ஆறு பகடை. ஆடிப் பழகின பெரிய வாள்காரனா இருந்தா எழுந்து துடைச்சுக்கிட்டுப் போயிடுவான். இது நியாயமான்னு 1983, 84ல பெரிய பஞ்சாயத்து. கீழ வரவர வேகம் கூடுமே, அப்ப பகடையும் கூடணும்னு ஒருத்தர். பௌதிகக் கணக்கோட ஒரு கட்டுரை, அதை மறுத்து இன்னொரு கட்டுரை. இல்லாத ஆளு, இல்லாத கிணறு, இவ்வளவு சண்டை! நம்ம கரை மேல குந்திக்கிட்டு கர்ணன் பெரியவனா அர்ச்சுனன் பெரியவனான்னு விடிய விடிய அடிச்சுக்குவாங்களே, அந்தச் சாதியில பொறந்தவனுங்கதான் அங்கயும் இருந்திருக்கானுங்கன்னு எனக்கு ஒரே சந்தோசம்.

பகடைப் பஞ்சமும் வந்திருக்கு அவங்களுக்கு. நாலு பக்கம், எட்டுப் பக்கம், பன்னெண்டுப் பக்கம், இருபது பக்கம்னு விதவிதமாக் கேட்டா எந்தக் கடையில கிடைக்கும்? 1979 வாக்குல பகடை கைவசம் இல்லாம, எண்ணு அச்சடிச்ச காகிதத் துண்டைப் பெட்டியில போட்டுக் குடுத்திருக்காங்க. வெட்டிக் கோப்பையில போட்டுக் குலுக்கி எடுத்துக்கணுமாம். பொறவு பகடை வந்தாலும் எண்ணுல மை இருக்காது. மெழுகுப் பென்சிலை நீயே தேய்ச்சுக்கணும். எங்ககிட்டக் கேட்டிருந்தா சோழியையும் புளியங்கொட்டையையும் மூட்டையாக் கட்டி ஓசூர் ரயில்ல ஏத்தியிருப்போம்.

அந்தச் சுங்கான் ராட்சசனை வரைஞ்ச ஆளைப் பத்தி நீ எங்கிட்டச் சொல்லவே இல்லையே? டேவிட் டிராம்ப்பியர். அதே பத்திரிகையில 1977லயிருந்து ‘வொர்மி’ன்னு ஒரு சித்திரத் தொடர் வரைஞ்சிருக்கார். சுருட்டுப் பிடிக்கிற டிராகன் அதுல கதாநாயகன். புகையில அவருக்கு என்ன பிரியமோ! பதினோரு வருஷம் ஓடினது, 1988ல கதை பாதியில நிக்கறப்ப அப்படியே அறுந்து போச்சு. ஆளும் காணோம். பத்திரிகைக்காரங்க அனுப்பின செக்கும் திரும்பி வந்துச்சாம். செத்துட்டார்னே பல பேர் முடிவு கட்டிட்டாங்க. அப்புறம் பல வருஷம் கழிச்சு, இலினாய் மாநிலத்துல கார்பண்டேல்ங்கற ஊர்ல, காலேஜ் பசங்க நடத்தற பத்திரிகை ஒண்ணு டாக்சிக்காரங்களைப் பத்தி எழுதப் போயிருக்கு. டிராம்ப்பியர் அங்க வண்டி ஓட்டிக்கிட்டிருக்கார். கண்டுபிடிச்சவங்க வரையச் சொல்லிக் கேட்டா முடியாதுன்னுட்டார். கடைசிக் காலத்துல உள்ளூர்ல நடக்கற விளையாட்டு விழாவுல பழைய படங்களை வைக்க மட்டும் ஒத்துக்கிட்டிருக்கார். விழாவுக்குச் சில வாரம் முன்னால, 2014 மார்ச்சுல, போய்ச் சேர்ந்துட்டார். ஏன் நிறுத்தினார்னு கேக்காதே. அந்த 1988 ஏப்ரல் இதழ் உங்கிட்ட இருக்கு, நான் பார்த்தேன். அதை மட்டும் மறுபடி உறையிலயே வை, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

சாத்தான் ஆட்டம், பிள்ளைங்களைக் கெடுக்குதுன்னு எண்பதுகள்ல அங்க ஒரு ஆர்ப்பாட்டம் நடந்து ஓஞ்சது. சூதுல நாட்டை, பொண்டாட்டியை எல்லாம் வச்சுத் தோத்தவன் கதையைக் கோயில்ல வச்சே கேட்டு வளர்ந்த நமக்கு அது பெருசாத் தெரியல. கம்பெனி கைமாறிக் கைமாறி, 2007 செப்டம்பர்ல 359வது இதழோட பத்திரிகையக் காகிதத்துல அடிக்கறதை நிறுத்திட்டாங்க. முதல் 250 இதழையும் 1999லயே ஒரு சிடி பெட்டியாப் போட்டு வித்தாச்சு. அப்படியும் உனக்குக் காகிதமே வேணும். இது ஒண்ணுல நான் உன் பக்கம். சிடியில பாட்டியோட எண்ணெய்க் கறை ஒட்டாது.

இந்தச் சேத்து வைக்கற வியாதி உனக்கு மட்டும் இல்ல, அதையும் சொல்லிடறேன். தீபாவளி வந்தா பாதி பெங்களூரு அத்திபெலேக்கு வந்து சிவகாசிப் பட்டாசை அள்ளிக்கிட்டுப் போன காலம் உண்டு. அதே சிவகாசியில 1972ல முத்து காமிக்ஸ் ஆரம்பிச்சாங்க, இரும்புக்கை மாயாவியோட. 1984ல லயன் காமிக்ஸ். லண்டன் பத்திரிகைக்கு ஸ்பெயின்காரன் வரைஞ்ச மாயாவி நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டுக் கடையில தமிழ் பேசிக்கிட்டுத் தொங்கினான். என் வயசுப் பையனுங்க காசு சேர்த்து ஒண்ணு வாங்கி, தெருவே படிச்சு, அட்டை கிழிஞ்சு, கடைசியில குஜிரிக் கடையில எடைக்குப் போச்சு. அதே இதழை இப்ப ஒருத்தன் நகை விலை சொல்றான், இன்னொருத்தன் உறையில போட்டு மூடறான். கிழிச்ச எங்களுக்குக் கதை ஞாபகம் இருக்கு. மூடி வச்சவனை மாயாவி எந்தக் கையால கரண்ட்டைத் தொடுவான்னு கேட்டுப் பாரு, முழிப்பான்.

அதனால பேராண்டி, என் யோசனை இது. நீ ஒரு தடவையாவது இந்த ஆட்டத்தை ஆடியிருக்கியா? உன் சிநேகிதன் சொல்லிட்டான், ஆடினதே இல்லையாம், ஆள் கிடைக்கலையாம். அத்திபெலேயில வேஷம் போட ஆள் கிடைக்கலேன்னா கேக்கறவன் சிரிப்பான். பால் வாங்கறப்பக் கன்னடம், வீட்டுக்காரம்மாகிட்டத் தெலுங்கு, வீட்டுக்குள்ள தமிழ், ஆபீஸ் போன்ல இங்கிலீஷ்னு காலையில ஒன்பது மணிக்குள்ள நாலு வேஷம் மாத்தற ஊரு இது. கவுடரு ஏற்கெனவே தயாரா நிக்கறாரு. அவருக்கு வாள் வேணுமாம், குதிரையும் வேணுமாம். பாட்டி பூசாரி வேஷம் கேக்கறா. வைத்தியம் பார்க்கற வேஷம் அதுதான்னு யாரோ சொல்லிட்டாங்க. உன் சிநேகிதன் திருடனா இருக்கட்டும், அவனுக்கு அது பொருந்தும்.

கட்டியங்காரன் நீ. ராட்சசன் நான். சுங்கான் வேண்டாம், பீடியே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். கோட்டு மட்டும் உன் கல்யாணத்துக்குத் தைக்கற துணியில மிச்சம் இருந்தா பார்த்துக்கலாம், அதுக்கு முதல்ல நீ கல்யாணம் பண்ணணும். ஒரு சங்கதி முன்கூட்டியே சொல்லிடறேன், அப்புறம் தகராறு பண்ணாதே. உங்க ஆட்டத்துல 20 விழுந்தா கொண்டாட்டம், 1 விழுந்தா இழவு. நான் வளர்ந்த ஆட்டத்துல 1 விழுந்தாத்தான் தாயம், தாயம் விழுந்தாத்தான் காய் உள்ளயே வரும். எனக்கு 1 விழுந்தா நான் தாயம்னு தெருவுக்கே கேக்கக் கத்துவேன். விதிப் புஸ்தகத்தைத் தூக்கிக்கிட்டு வராதே.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வச்சுக்கலாம். இருபது பக்கப் பகடை வாங்கறப்ப எண்ணு பெருசா இருக்கறதாப் பார்த்து வாங்கிட்டு வா. எனக்கு ஒரு கண்ணுல புரை இருக்கு.