எலும்பில் ஒரு ஃபிட்டிங்

கேள்வி: தினமும் கம்பெனியில் ஸ்க்ரூ முடுக்குகிறேன். முதுகெலும்பில் டாக்டர் செய்வதும் இதே வேலைதானே?
– ஒரு ஃபிட்டர், புதுவாயல்

பதில்: அதேதான். நீங்கள் தப்பாகத் துளைத்தால் சூப்பர்வைசர் கத்துவார். அங்கே நோயாளிக்குக் காலே வராமல் போகலாம்! முள்ளெலும்பின் பின்புறத்தை முன்புறத்தோடு இணைக்கும் குறுகிய எலும்புத் தண்டுதான் ஸ்க்ரூவுக்குப் பாதை. பிடிமானத்தில் சுமார் 60 சதவீதம் அது தருவதே. உள்சுவரை உடைத்தால் தண்டுவடம் பக்கத்தில். வெளிச்சுவரை உடைத்தால் பிடி போச்சு. இருபக்க ஸ்க்ரூக்களும் உள்நோக்கிச் சாய்ந்திருந்தால் எளிதில் பிடுங்கிக்கொண்டு வராது. கோவை டாக்டர் ராஜசேகரன் குழுவின் 2007 ஆய்வில், வளைந்த முதுகை நிமிர்த்தும்போது கணினி வழிகாட்டாத ஸ்க்ரூக்களில் 23 சதவீதம் சுவர் தாண்டின. வழிகாட்டியபோது 2 சதவீதம்தான். எலும்பு தேய்ந்திருந்தால் சிமென்டும் செலுத்துவார்கள். ஆக, ஃபிட்டர் மட்டும் போதாது, கொத்தனாரும் வேண்டும்!