லாத்தா கேட்ட டிஷ்யூ

சூலியா தெரு,
பினாங்கு.

அன்புள்ள மச்சானுக்கு, லாத்தா அனுப்பிய சாமான் பட்டியல் வந்தது. கோடாலித் தைலம், மைலோ, போர்வை எல்லாம் சரி. கடைசியில் "பூப்போட்ட டிஷ்யூ பெட்டி ஆறு" என்று இருக்கிறதே, நாகூரில் தண்ணீர் தீர்ந்துவிட்டதா?

இங்கே நான் நிற்கும் நாசி கண்டார் கடைக்கு வந்து பாருங்கள். ஆள் உட்கார்ந்ததும் ஒரு டிஷ்யூ உருவி, நான் அப்போதுதான் துடைத்த மேசையைத் துடைப்பார். கரண்டிக்கு இன்னொன்று. நெற்றி வியர்வைக்கு இரண்டு. எல்லாக் குழம்பையும் கலந்து 'பாஞ்சிர்', அதாவது வெள்ளமாக, ஊற்றச் சொல்லிவிட்டு, அந்த வெள்ளத்துக்கு அணை கட்ட ஒரு கொத்து. சாப்பிட்டுக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவிய கையின் ஈரத்துக்கு நாலு. இறைச்சி விலை ஏறினாலும் முதலாளிக்கு இவ்வளவு வயிறு எரிவதில்லை. இப்போது பெட்டியைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காவல் காக்கிறார்.

விஷயம் காசு மட்டும் இல்லை மச்சான். நீரிணையின் அக்கரையில் சுமத்ரா. அங்கே ரியாவ் பக்கம் பழங்காட்டை வெட்டி, சதுப்பு நிலத்தில் கால்வாய் தோண்டித் தண்ணீரை வடித்து, காகிதக் கூழுக்கு அக்கேசியா நட்டார்கள். அந்தக் கரிமண் காய்ந்து தீப்பிடித்தால் மேலே அணைத்தாலும் உள்ளே புகைந்துகொண்டே இருக்கும். காற்று திரும்பினால் புகை எங்களுக்குத்தான். 2015 புகைமூட்டத்தில் பள்ளிக்கூடங்களைப் பூட்டினார்கள். காடு எரிந்த புகையில் ஒழுகிய மூக்கைக் காட்டை வெட்டிய காகிதத்தாலேயே துடைத்தோம்! செம்பனைத் தோட்டங்களுக்கும் இதில் பங்கு உண்டு. பழி முழுவதையும் டிஷ்யூ தலையில் கட்டக் கூடாது.

ஆசியா பல்ப் அண்ட் பேப்பர் என்ற கம்பெனியின் 'பசேயோ' டிஷ்யூவால் சுமத்ராப் புலியின் காடு போகிறது என்று 2012-லேயே உலக வனவிலங்கு நிதியம் அமெரிக்கக் கடைகளிடம் முறையிட்டது. இயற்கைக் காட்டைத் தொடமாட்டோம் என்று 2013-ல் கம்பெனி வாக்குக் கொடுத்தது. 2015 அக்டோபரில் சிங்கப்பூர் ஃபேர்பிரைஸ் கடைகள் அந்தக் கம்பெனிச் சரக்கை அலமாரியிலிருந்து இறக்கிவிட்டன. வாக்கும் புகையும் எவ்வளவு தூரம் போகும் என்பதை நீங்களே கணக்குப் போடுங்கள்.

இந்த ஊரில் காட்டுக்காக ஓயாமல் சத்தம் போட்டவர் நம் ஆள்தான்: பினாங்குப் பயனீட்டாளர் சங்கத் தலைவர் எஸ்.எம். முகமது இத்ரிஸ். சரவாக் காடுகளுக்காகப் போராடியதற்கு அவருடைய சஹாபாட் ஆலம் மலேசியா அமைப்பு 1988-ல் 'மாற்று நோபல்' என்கிற விருதைப் பெற்றது. 2019-ல் மௌத்தாகும்வரை அவர் அடங்கவில்லை. அவர் எங்கள் கடைக்கு வந்திருந்தால் முதலாளிக்குக் கல்லாக் காவலில் ஒரு துணை கிடைத்திருக்கும்.

ஆகவே டிஷ்யூ வராது. பெட்டியில் அந்த இடத்துக்கு ஒரு கிலோ மைலோ கூடுதலாக வைக்கிறேன். லாத்தா கேட்டால் கஸ்டம்ஸில் பிடித்துக்கொண்டார்கள் என்று சொல்லிவிடுங்கள். அவளிடம் பொய் சொல்ல உங்களுக்கு நான் சொல்லித்தரவா வேண்டும்!

வஸ்ஸலாம்,
உங்கள் மச்சினன்