சி-2வுக்கு ஐந்து மதிப்பெண்

வேளாண் பட்டப்படிப்பில் ஆளுக்கொரு பாத்தி பிரித்துக் கொடுத்து, நெல் விளைவித்துக் காட்டு என்பார்கள். நாற்று நட்டது தினக்கூலிக்கு வரும் அக்காக்கள். வரப்பில் நின்று செல்ஃபி எடுத்தது நாங்கள். அப்புறம் ரெக்கார்டு எழுத வேண்டும். என் பாத்தியில் பாதியை எலி தின்றது. ஆனாலும் வரவு-செலவு விகிதம் ஒன்றுக்கு 2.1 தான், ஏனென்றால் சீனியர் ரெக்கார்டில் அப்படி இருந்தது. அவருக்கும் ஒரு சீனியர் இருந்திருப்பார்.

விடுமுறையில் அப்பா அதைப் புரட்டினார். "இந்த லாபம் எந்த ஊருலடா கெடைக்குது? சொல்லு, நானும் அங்க போயி பயிர் வைக்கிறேன்."

பிறகு வேளாண் பொருளியல் வந்தது. விதை, உரம், கூலி என்று கையை விட்டுப் போன காசு ஏ-2. வீட்டார் உழைப்பையும் சேர்த்தால் ஏ-2+எஃப்.எல். சொந்த நிலத்தின் வாடகை, போட்ட முதலின் வட்டி எல்லாம் சேர்ந்தால் சி-2. பிரித்து எழுதினால் ஐந்து மதிப்பெண், குழப்பினால் அரியர். அரசாங்கத்துக்கு மட்டும் அரியரே கிடையாது. செலவுக்கு மேல் 50 சதவீதம் வைத்து விலை கொடுங்கள் என்று எம்.எஸ். சுவாமிநாதன் ஆணையம் 2006-இல் சொன்னது. 2018 பட்ஜெட்டில், ஒன்றரை மடங்கு தருகிறோம் என்று மேசையைத் தட்டிக்கொண்டார்கள். எந்தச் செலவுக்கு என்று கிளறினால் ஏ-2+எஃப்.எல்.! நிலம் ஓசி, முதலுக்கு வட்டி இல்லை. தன் வயலையே அரசுக்குத் தானமாக எழுதிக் கொடுத்தவன்தான் இவர்கள் கணக்கில் விவசாயி.

சுவாமிநாதன் எங்கள் படிப்பைக் கோவையில் படித்தவர். 2024 பிப்ரவரி 9 அன்று அவருக்கு பாரத ரத்னா அறிவித்தார்கள். நாலே நாளில், அவர் சொன்ன விலையைக் கேட்டு டெல்லிக்குக் கிளம்பியவர்கள் மீது ஷம்பு எல்லையில் ட்ரோன் கண்ணீர்ப்புகைக் குண்டு போட்டது. பயிருக்கு மருந்தடிக்கத்தான் ட்ரோன் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். விவசாயியைப் பூச்சிப் பட்டியலில் எப்போது சேர்த்தார்களோ, அந்த செமஸ்டரில் நான் லீவு போலும்.

கடைசி வருஷம் வகுப்பில் பாதிப் பேர் வங்கித் தேர்வுக்குத்தான் படித்தோம். எனக்கும் வேளாண் கள அலுவலர் வேலை கிடைத்தது. ஏ.சி. அறைதான் களம்.

போன வாரம் ஒரு பெரியவர் நகைக்கடனுக்கு வந்தார். மஞ்சள் துணியில் முடிந்த தோடு, அழுக்குகூடத் துடைக்கவில்லை. காதிலிருந்து அப்போதுதான் கழற்றியிருக்க வேண்டும். விண்ணப்பத்தில், 'எதிர்பார்க்கும் வருமானம்' என்றொரு கட்டம்.

"இதுல என்ன தம்பி எழுதறது?"

செலவைக் கேட்டேன். சொன்னார். 2.1-ஆல் பெருக்கிப் போட்டேன்.