பூட்டுச்சாமி

சாங்கி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு விமான நிலையம் நினைவுக்கு வரும்; உள்ளூர்ப் பெரியவர்களுக்குச் சிறைச்சாலை. இரண்டுக்கும் எட்டும் தூரத்தில், எக்ஸ்போ எம்ஆர்டி நிலையத்தை ஒட்டி, கண்ணாடிக் கட்டடங்களாக நிற்கிறது சாங்கி பிசினஸ் பார்க். வங்கிகளின் கணக்குவழக்கும் கணினி வேலையும் நடக்கிற இடம். காலை எட்டரை மணிக்குத் தமிழும் தெலுங்கும் காதில் விழாமல் அந்த நிலையத்தில் படியேற முடியாது. அந்தக் கூட்டத்தில், அடையாள அட்டை ஒரு பக்கமும் சாயாமல் நெஞ்சுக்கு நேராகத் தொங்க வருகிறாரே, அவர்தான் நம் பூட்டுச்சாமி. இவர் தனி ஆள் இல்லை. மாடிக்கு ஒருவர் இருக்கிறார்.

பூட்டுச்சாமிக்கு என்ன வேலை என்று மனிதவளத் துறையைக் கேட்டால் 'சீனியர் அனலிஸ்ட்' என்பார்கள். உண்மையில் அவர் பார்ப்பது காவல் உத்தியோகம். விண்டோஸ் பொத்தானையும் 'எல்' எழுத்தையும் சேர்த்துத் தட்டாமல் நாற்காலியை விட்டு எழமாட்டார். தும்மல் வந்தால்கூட முதலில் பூட்டு, பிறகுதான் தும்மல். வீட்டில் டிவி முன்னாலிருந்து எழும்போதும் சோபாக் கைப்பிடியில் இரண்டு தட்டு விழும் என்பது அவர் மனைவி தரும் தகவல்.

தன் திரையைப் பூட்டுவதோடு நின்றிருந்தால் அவரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பக்கத்து இருக்கைத் தம்பி கோப்பி வாங்கக் கீழே இறங்குகிறான். திரை 'ஆ'வென்று திறந்து கிடக்கிறது. பூட்டுச்சாமி இடமும் வலமும் பார்க்கிறார், உட்கார்கிறார், குழு அரட்டையில் தட்டுகிறார்: "நாளை மதியம் எல்லாருக்கும் தேக்கா மட்டன் பிரியாணி. என் செலவு." பிறகு திரையைப் பூட்டிவிட்டு, ஒன்றும் அறியாத பிள்ளையாகத் தன் இடத்துக்குத் திரும்புகிறார். கோப்பி ஓ கோசோங்கோடு வரும் தம்பிக்கு லிப்ட் வாசலிலேயே வரவேற்பு. ஒருவர் கைகுலுக்குகிறார். ஒருவர், "எனக்கு சைவம்பா, கோமள விலாஸ்ல சொல்லிடு" என்கிறார். இன்னொருவர் வீட்டுக்கு ஒரு பொட்டலம் சேர்த்து வாங்க முடியுமா என்று தணிந்த குரலில் கேட்கிறார்.

"அண்ணே, இது நியாயமா?"

"தம்பி, நான் உட்கார்ந்ததால பிரியாணியோட போச்சு. வேற எவனாவது உட்கார்ந்திருந்தா?"

இந்தக் கேள்விக்குப் பிறகு 2018ஆம் ஆண்டைப் பற்றிய பிரசங்கம் தொடங்கும். அந்த வருடம்தான் சிங்ஹெல்த் மருத்துவமனைக் குழுமத்தின் நோயாளிகள் 15 லட்சம் பேரின் விவரங்கள் களவுபோயின. அன்றைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரமும் அதில் அடக்கம். கூப்பிடு தூரத்தில் இருக்கும் சாங்கி பொது மருத்துவமனையும் அதே குழுமத்தைச் சேர்ந்ததுதான். "நம்ம பேட்டையிலேயே நடந்திருக்கு தம்பி!" என்பார் பூட்டுச்சாமி. ஆனால் அந்தத் திருடர்கள் யாருடைய நாற்காலியிலும் வந்து உட்காரவில்லை. தீங்கு மென்பொருளை அனுப்பி உள்ளே புகுந்தார்கள். விசாரணைக் குழு துருவியபோது, ஒரு நிர்வாகக் கணக்கின் கடவுச்சொல் ஆங்கிலத்தில் 'பாஸ்வேர்ட்' என்பதுதான், இரண்டு எழுத்துக்குப் பதிலாக ஒரு குறியும் ஒரு பூஜ்யமும் போட்டது என்று தெரியவந்தது. பிரசங்கத்தில் இந்தப் பகுதி மட்டும் வேகமாகத் தாண்டிப் போகும். பூட்டுச்சாமியின் கடவுச்சொல் என்னவாக இருக்கும் என்று அந்த நேரத்தில் ஊகிக்காதவர் இல்லை.

மதியம் ஒரு மணிக்கு இவரைச் சாப்பாட்டுக் கூடத்தில் பார்க்க வேண்டும். சிங்கப்பூர் வழக்கப்படி, காலி மேசையில் டிஷ்யூ பாக்கெட்டை வைத்து இடம் பிடிப்பார். பாக்கெட் தீர்ந்த நாளில் கைத்தொலைபேசியையே வைத்துவிட்டுப் போய் வரிசையில் நிற்பார். வங்கிக் கணக்கு, சிங்பாஸ், குடும்பப் படங்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. குற்றம் குறைந்த ஊரிலும் குற்றம் உண்டு என்று போலீஸ்காரர்கள் சுவரொட்டி ஒட்டி அலுத்துவிட்டார்கள். "இது சிங்கப்பூர், யாரும் தொடமாட்டாங்க" என்பார் பூட்டுச்சாமி. ஊர் பேர் தெரியாத ஆயிரம் பேர் நடமாடும் இடத்தில் அவ்வளவு நம்பிக்கை. அட்டையைத் தட்டி மூன்று கதவு தாண்டி வந்த சகாக்களிடம் மட்டும் துளி நம்பிக்கை கிடையாது.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. கடவுச்சொல்லோடு கூடப் பிறந்த குறும்பு இது. 1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் எம்ஐடியில் ஒரே கணினியைப் பலர் பகிர வேண்டியிருந்ததால் பெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்தது. 1962இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தனக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை என்று, கடவுச்சொற்கள் இருந்த கோப்பையே அச்சடித்து எடுத்துவிட்டார். அது கைமாறி, ஆய்வகத் தலைவரின் கணக்கில் யாரோ நுழைந்து கேலிக் குறிப்பு எழுதிவைத்தார்கள் என்றும் சொல்வதுண்டு. பிரியாணி மட்டும்தான் பாக்கி.

தன் பிரியாணிக் கதையைச் சட்டப் பிரிவிலிருந்து வந்த அம்மா ஒருவரிடமும் பூட்டுச்சாமி உற்சாகமாகச் சொன்னார். அந்த அம்மா சிரிக்கவில்லை. அனுமதியில்லாமல் அடுத்தவர் கணினிக்குள் நுழைவது, 1993இல் வந்த கணினி முறைகேட்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம் என்று அமைதியாக எடுத்துச் சொன்னார். "சிறை பக்கத்துலதான் சார். பஸ்லயே போயிடலாம்."

அன்றிலிருந்து பூட்டுச்சாமி பிறர் விசைப்பலகையைத் தொடுவதில்லை. ஆனால் திறந்த திரையைப் பார்த்துவிட்டுச் சும்மா போகவும் மனம் கேட்கவில்லை. அலுவலகக் கணினி பத்து நிமிடம் சும்மா கிடந்தால் தானே பூட்டிக்கொள்ளும். ஆகவே அந்தப் பத்து நிமிடமும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, யாரும் நெருங்காதபடி, திரைக்கு முன்னால் காவல் நிற்கிறார். போன வாரம் தம்பி கோப்பியோடு திரும்பி வந்தபோதும் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தார்.

"பயப்படாதே தம்பி, ஒருத்தரையும் கிட்ட விடலை" என்றார். பிறகு தோளில் கைவைத்து ஆறுதலாகச் சொன்னார்: "இந்த வருஷம் உனக்கு இன்கிரிமென்ட் ரொம்பக் கம்மியாப் போட்டுட்டாங்கப்பா."