பாலாற்றின் அபராதக் கணக்கு

ஆஸ்திரேலியக் கணித விற்பன்னர்கள் இயற்றிய மார்க்ஸான் என்னும் மென்பொருள், இன்ன செடிக்கு இவ்வளவு நிலம், இன்ன பறவைக்கு இவ்வளவு நீர்ப்பரப்பு என்று நாம் விதிக்கும் நிபந்தனைகளையெல்லாம் சிரமேற்கொண்டு, சொற்பச் செலவில் எந்தெந்த இடங்களைக் காக்கலாம் என்று கணித்துத் தரும் சாமர்த்தியம் உடையது. 2004-இல் கிரேட் பாரியர் ரீப் பவளப்பாறைப் பிரதேசத்தை மண்டலங்களாக வகுத்தபோதும் அதன் உதவி நாடப்பட்டது. இலக்குத் தவறினால் அபராதம் உண்டு. ஆனால் அத்தொகையை அற்பமாக வைத்துவிட்டால், கட்டிவிட்டுப் போகலாம் என்று அது இலக்கையே கைகழுவிவிடும்.

யந்திரத்துக்கு இந்த லௌகீக ஞானம் எப்படி வாய்த்தது என்று அதிசயிப்பவர்கள், கலெக்டர் கச்சேரி வீற்றிருக்கும் எங்கள் சத்துவாச்சாரிக்கு ஒருநடை வந்து, அருகே ஓடும் (மரியாதைக்குச் சொல்கிறேன்) பாலாற்றின் சரித்திரத்தைக் கேட்கலாம். ஆற்றை மாசுபடுத்திய தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்கு, இழப்பீடு, சுத்திகரிப்பு என்ற இதர உத்தரவுகளோடு, தலைக்கு 10,000 ரூபாய் அபராதமும் 1996-இல் உச்ச நீதிமன்றம் விதித்தது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் அதே ஆற்றின் பொருட்டு மறுபடியும் தீர்ப்பெழுத நேர்ந்தது. கரையில் சீமைக்கருவேலத்தைக் களைந்து நாணல் வளர்க்கத் திட்டமிடும் புண்ணியவான்கள், அந்தப் பத்தாயிரத்தை மட்டும் மென்பொருளில் இட்டுவிட வேண்டாம்; அது ஆற்றைத் தள்ளுபடி செய்துவிட்டு, செலவு மிச்சமென்று நமக்கே கணக்குக் காட்டும்.