பார்க்க மட்டும் அனுமதி

1989இல் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் நிதிப் பிரிவில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தபோது என் கையில் முதலில் கொடுத்தது கோணி ஊசியும் சணல் நூலும். மாதக் கணக்கு முடிந்ததும் வவுச்சர்களை எண் வாரியாக அடுக்கி, மேலும் கீழும் அட்டை வைத்துத் தைக்க வேண்டும். என் அக்கா மகள் இன்று சென்னையில் ஒரு பெரிய நிறுவனத்தின் நிதிப் பிரிவில் அப்ரண்டிஸ். அவளுக்கு முதல் நாளே மடிக்கணினி, அடையாள அட்டை, கடவுச்சொல் எல்லாம் கொடுத்துவிட்டார்கள். பொங்கலுக்கு எங்கள் ஊரான கிள்ளைக்கு வந்தவளிடம் கேட்டேன்.

"என்ன வேலைம்மா குடுக்கறாங்க?"

"எல்லாத்தையும் பாக்கலாம் மாமா. ஒண்ணையும் தொட முடியாது. என் லாகினுக்குப் பார்க்க மட்டும்தான் அனுமதி."

"அப்ப நாள் முழுக்க?"

"பழைய பில்லையெல்லாம் ஸ்கேன் பண்ணி ஏத்திக்கிட்டிருக்கேன்."

அந்தப் பதில் இன்னும் என்னை விடவில்லை. எங்களுக்கு இல்லாத வசதி அத்தனையும் அவளுக்கு இருக்கிறது. எங்களுக்குக் கிடைத்த வேலைதான் கிடைக்கவில்லை.

கிள்ளையில் அப்போது அப்ரண்டிஸ் என்றாலே ஃபிட்டர், வெல்டர்தான். முடசலோடையில் படகு, உள்ளே வந்தால் நெல் என்று வாழ்ந்த ஊர். நானோ மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவு எடுத்து, கணக்குப் பதிவியலும் தணிக்கையியலும் படித்தவன். தொழில் பழகுநர் சட்டம் 1961இல் வந்தது. 1973இல் பொறியியல் பட்டதாரிகளையும் டிப்ளமோக்காரர்களையும் சேர்த்தார்கள். 1986 திருத்தம்தான் என்னைப்போல் பன்னிரண்டாம் வகுப்பில் தொழிற்கல்வி முடித்தவர்களுக்குக் கதவைத் திறந்தது. "கணக்கு எழுதறதுக்குமா அப்ரண்டிஸு?" என்று அப்பா கேட்டார். சட்டம் இருந்ததால் அவரிடம் பதில் சொல்ல முடிந்தது.

கிள்ளையிலிருந்து சிதம்பரம், அங்கிருந்து புவனகிரி வழியாக வடலூர். வடலூரில் நான்கைந்து பேர் சேர்ந்து ஓர் அறை எடுத்தோம். மாதக் கடைசியில் கைக்காசு தீர்ந்தால் வள்ளலாரின் தருமச்சாலைக்குப் போய் வரிசையில் உட்காருவோம். 1867இல் மூட்டிய அடுப்பு அது. யார், எந்த ஊர் என்று ஒரு கேள்வி இல்லாமல் சோறு போட்டார்கள். கணக்கு வேலைக்குப் போகும் பையனுக்கு, கணக்குப் பார்க்காமல் சோறு போடும் இடம் ஒன்று பக்கத்தில் இருந்தது பெரிய பாக்கியம்.

என்னை லெகோ விற்பனைக் கணக்கில் போட்டார்கள். பழுப்பு நிலக்கரியைக் கட்டியாக்கிக் கரியாக்கினால் லெகோ. புகையில்லாமல் எரியும் என்று டீக்கடைகளிலும் வீடுகளிலும் வாங்கினார்கள். முகவர்கள் டிமாண்ட் டிராஃப்ட் அனுப்புவார்கள். அதைப் பதிவேட்டில் ஏற்றி, வங்கிக்கு அனுப்பி, வங்கி வரவு வைத்ததா என்று மாதக் கடைசியில் ஒத்துப் பார்க்க வேண்டும். எங்கள் புத்தகத்தில் ஒரு தொகை இருக்கும், வங்கி அறிக்கையில் வேறு தொகை. நடுவில் தொங்குவதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தாக வேண்டும்.

அந்தத் தேடலில்தான் தொழில் கையில் ஏறியது. ஒருநாள் 450 ரூபாய் இடித்தது. மூத்த கணக்கர் என் மேசைக்கு வந்து வித்தியாசத்தை மட்டும் பார்த்தார்.

"தம்பி, ஒன்பதால வகுத்துப் பாரு."

"சரியா வகுபடுது சார், ஐம்பது."

"அப்ப எங்கியோ எண்ணு இடம் மாறியிருக்கு. நூறும் பத்தும் பக்கத்துல பக்கத்துல மாறின எடத்தத் தேடு."

தேடினேன். 7,160 என்று வந்த டிராஃப்டை 7,610 என்று ஏற்றியிருந்தது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். பற்றில் எழுத வேண்டியதை வரவில் எழுதிவிட்டால் வித்தியாசம் இரட்டிப்பாகும். அதனால் பாதியாக்கித் தேட வேண்டும். பள்ளியில் பாடப்புத்தகம் முழுதும் படித்தவன்தான் நான். ஆனால் இந்த இரண்டும் விரலுக்கு வந்தது அந்த மேசையில்தான். ஃபேசிட் இயந்திரத்தின் கைப்பிடியைச் சுழற்றிச் சுழற்றி, மணிக்கட்டு வலிக்கக் கூட்டியதும் அங்கேதான்.

பிறகு செலவுக் கணக்குப் பக்கம் சில வாரம் உட்கார வைத்தார்கள். அங்கே நான் பார்த்ததை இன்றும் பிள்ளைகளிடம் சொல்லாமல் இருப்பதில்லை. நெய்வேலியில் ஒரு டன் நிலக்கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் மேல் மண்ணை வெட்டித் தள்ள வேண்டும். இந்த வருஷம் வெட்டிய மண்ணுக்கு அடியில் இருக்கும் நிலக்கரி அடுத்த வருஷம்தான் வெளியே வரும் என்றால், மண் வெட்டிய செலவு எந்த வருஷத்தைச் சேரும்? ஒரு நாள் முழுக்க அதைப் பற்றியே இரண்டு அதிகாரிகள் பேசினார்கள். லாபம் என்று கடைசி வரியில் நிற்கும் எண்ணுக்குப் பின்னால் இப்படி எத்தனை முடிவுகள் இருக்கின்றன என்பது அன்று எனக்கு விளங்கியது.

தண்ணீர்ச் செலவு இன்னொன்று. நிலக்கரிப் படுகைக்கு அடியில் ஊற்றுநீர் அழுத்தத்தோடு நிற்கிறது. ராப்பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துகொண்டு பொங்கும். பம்புகளின் மின்சாரம், ஆள்கூலி, பராமரிப்பு என்று வரிசையாக வவுச்சர். உப்பங்கழியும் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடும் சூழ்ந்த ஊரிலிருந்து வந்தவன் நான். நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு நடக்கும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவன். நல்ல தண்ணீர் ஒரு பேரேட்டில் செலவாக எழுதப்பட்டிருந்ததைக் கண்டு கொஞ்சநேரம் பக்கத்தைத் திருப்பாமல் இருந்தேன். பிற்காலத்தில் அந்தப் படுகையின் தண்ணீர் சென்னைக்கும் போனது.

தணிக்கைக் காலம் வந்தால் பிரிவே வேறு முகம் காட்டும். அரசு நிறுவனம் என்பதால் கம்பெனித் தணிக்கையாளர் முடித்த பிறகு இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர் அலுவலகத்தாரும் வருவார்கள். "ஹாஃப் மார்ஜின் வந்திருக்கு" என்று யாராவது சொன்னால் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். தாளின் ஒரு பாதியில் கேள்வி, மறு பாதியில் நாங்கள் பதில் எழுத வேண்டும். கேட்ட வவுச்சரை எடுத்துத் தருவது என் வேலை. நான் தைத்த கட்டு என்பதால் எது எங்கே இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும். பெரிய அதிகாரி அப்ரண்டிஸைக் கூப்பிட்டு, "அந்த மார்ச் மாசத்துக் கட்டு எங்கப்பா?" என்று கேட்டபோது, கிள்ளைப் பையனுக்கு அந்த மாபெரும் நிறுவனத்தில் ஒரு இடம் இருந்தது.

பயிற்சி முடிந்ததும் சான்றிதழ் தந்து அனுப்பினார்கள். வேலை தர வேண்டும் என்ற கட்டாயம் அன்றைய சட்டத்தில் இல்லை. இன்றும் இல்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் அஞ்சல்வழியில் பி.காம். முடித்து, கடலூரில் இறால் ஏற்றுமதி செய்யும் இடத்தில் கணக்கராகி, அதிலேயே பிழைத்தேன். நேர்காணலில் அவர்கள் கேட்ட ஒரே கேள்வி, வங்கிக் கணக்கைத் தனியாக ஒத்துப் பார்ப்பாயா என்பது.

இன்றைய சட்டம் அன்றையதைவிடக் கனிவானது. 2014 திருத்தம் பி.காம். போன்ற பொறியியல் அல்லாத பட்டதாரிகளையும் உள்ளே சேர்த்தது. 2019 விதிகள், முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்கள் தம் ஆள்பலத்தில் இரண்டரை முதல் பதினைந்து சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுக்க வேண்டும் என்றன. பட்டதாரிக்குக் குறைந்தபட்ச மாத உதவித்தொகையை 9,000 ரூபாய் ஆக்கின. சென்னையில் பெண்கள் விடுதிக்கும் பஸ்ஸுக்கும் கொடுத்தது போக அதில் என்ன மிஞ்சும் என்று அக்காவுக்குத்தான் தெரியும்.

லாகினைப் பூட்டியதற்கும் நியாயம் உண்டு. ஒருவர் பதிந்து இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்பது கணக்கின் அடிப்படை. 2023 ஏப்ரல் முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் யார் எந்தப் பதிவை எப்போது மாற்றினார் என்ற தடம் அழியாமல் இருந்தாக வேண்டும் என்பது விதி. பயிற்சிக்கு வந்த பெண்ணை நேரடிப் பதிவில் விடத் தயங்குவது எனக்குப் புரிகிறது. ஆனால் ஒத்துப் பார்ப்பதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை. வங்கி அறிக்கை ஒன்று, பேரேட்டின் நகல் ஒன்று, ஒரு பென்சில் போதும். சப்ளையர் ஒருவரின் கணக்கை எடுத்து, அவர் காட்டும் பாக்கியும் நம் பாக்கியும் ஏன் ஒக்கவில்லை என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். கிடங்குக்கு அனுப்பி, சரக்கு வந்த ரசீதையும் பில்லையும் நேரில் ஒப்பிடச் சொல்லலாம். நீந்தக் கற்க வந்த பிள்ளையைக் கரையில் உட்கார வைத்து ஆற்றைக் காட்டிக்கொண்டிருப்பது பயிற்சி ஆகாது.

அவளுடைய மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். புகாராக வேண்டாம், வேண்டுகோளாக எழுது என்றேன். தமிழில் சொல்லச் சொல்ல அவள் ஆங்கிலத்தில் தட்டினாள். பதினைந்து சப்ளையர்களின் பெயர் போட்ட பட்டியல் பதிலாக வந்திருக்கிறது. அதில் கடலூர்க்காரர் ஒருவரும் இருக்கிறாராம். அவருக்குப் போக வேண்டிய பணம் நாற்பத்தைந்து நாளைத் தாண்டி நிற்பது ஏன் என்று தேடிக்கொண்டிருக்கிறாள்.

கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கம் பி.காம். முடிக்கும் பிள்ளைகள் இப்போதெல்லாம் என்னிடம் வருகிறார்கள். ஒப்பந்தம் பழகுநர் சட்டத்தின்கீழ் முறையாகப் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்கிறேன். வெறும் டிரெயினி என்று எழுதிக் கொடுத்தால் பயிற்சி முடிந்ததும் அரசு தரும் சான்றிதழ் கிடைக்காது. அடுத்தது, சேர்ந்த முதல் வாரத்திலேயே வாய் திறந்து ஒத்துப் பார்க்கும் வேலை கேட்கச் சொல்கிறேன். பென்சிலும் பழைய வங்கி அறிக்கைகளும் என்னிடம் நிறைய இருக்கின்றன. சேருவதற்கு முன்பே பழகிக்கொண்டு போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வரலாம்.