ரெண்டு கிலோ கடன்

பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிக்கு நடுவராக உட்காருவது எங்கள் பக்கத்தில் கஷ்டமான வேலையே இல்லை. யார் யார் வருவார்கள் என்று முன்கூட்டியே தெரியும். மீசை ஒரு பக்கம் தொங்கும் பாரதி, இடுப்பு வேட்டியைக் கைவிடாத காந்தி, வசனத்தில் பாதியை மறந்துவிட்டு மீதியை ஆத்திரத்தால் நிரப்பும் கட்டபொம்மன். ஜரிகைத் தலைப்பாகையோடு ஒரு ராஜராஜ சோழனும் உண்டு. தஞ்சாவூர் ஜில்லாவில் அவர் இல்லாமல் எந்த மேடையும் ஏறாது. பாரதிக்கு முதல் பரிசு, அழுத குழந்தைக்கு ஆறுதல் பரிசு என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கேசரி சாப்பிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம்.

இந்தத் தையில் ஊர்ப் பொங்கல் விழாவில் அந்த நிம்மதி போயிற்று. புதிதாக வந்த தலைமையாசிரியை ஒரு சட்டம் போட்டுவிட்டார். டெல்டாவில் வாழ்ந்து அல்லது வாழ்ந்துகொண்டு நமக்கு ஊக்கம் கொடுத்தவர்கள் வேடம் மட்டும்தான். கடை வைத்திருப்பவர், தொழில் செய்பவர் எல்லாரும் சேர்த்தி. வேஷ உடை வாடகைக்கு விடும் கடைக்காரர் கையை விரித்துவிட்டாராம். “நேதாஜி இருக்கார், பாரதமாதா இருக்காங்க, புலிகூட இருக்கு. உள்ளூர்க்காரங்க யாரும் ஸ்டாக் இல்லம்மா.”

விளைவு, நம்மாழ்வார்கள் பெருகிவிட்டார்கள். சட்டை வேண்டாம். பச்சைத் துண்டு அப்பாவிடமே இருக்கிறது. தாடிக்குப் பஞ்சு போதும். இளங்காட்டில் பிறந்து, அரசு ஆராய்ச்சிப் பண்ணை வேலையை உதறிவிட்டு, ரசாயன உரத்துக்கு எதிராக ஊர் ஊராக நடந்த மனிதர், பெற்றோருக்கு இப்படியும் செலவைக் குறைத்துக் கொடுத்திருக்கிறார். சாயங்காலப் பனியில் வரிசையாக நின்று அத்தனை நம்மாழ்வார்களும் நடுங்கினார்கள். ஒருவர் தும்மியதில் தாடி என் காபி டம்ளரில் விழுந்தது.

அடுத்து மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் மஞ்சப்பையை இழுத்துக்கொண்டு வந்தான். “நான்தான் நெல் ஜெயராமன். 174 பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்தேன். 2006லேர்ந்து திருத்துறைப்பூண்டி பக்கத்துல ஆதிரெங்கத்துல நெல் திருவிழா நடத்துனேன்.” இதுவரை மனப்பாடம். பிறகு நேராக என் மேஜைக்கு வந்து பையை வைத்தான். “இதுல ரெண்டு கிலோ மாப்பிள்ளை சம்பா விதை. அடுத்த வருஷம் நாலு கிலோவா திருப்பித் தரணும்.”

கூட்டம் கைதட்டியது. ஜெயராமன் நிஜமாகவே வைத்திருந்த விதி அது. 2018 டிசம்பரில் அவர் காலமானார். அந்த விதைக் கடன் மட்டும் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது. என் சிக்கல் வேறு. கடன் இதுவரை நிலமுள்ளவர்களிடம் சுற்றியது. எனக்குச் சொந்தமாக இருப்பது மொட்டைமாடி. அதுவும் மாப்பிள்ளை சம்பா, இளவட்டக்கல் தூக்கப்போகும் மாப்பிள்ளைக்குப் போட்ட சோறு என்பார்கள். என் வயசுக்கு மாமனார் சம்பா என்று ஏதாவது இருந்தால் கொடுத்திருக்கலாம்.

என் வலது பக்கம் உட்கார்ந்திருந்த நடுவர் ஊரின் பழைய மிராசுதார். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே நூல் புடவையில் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் மேடையேறினார். கீழத்தஞ்சையில் நிலமில்லாத ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குத் தலைக்கு ஒரு ஏக்கர் வாங்கிக் கொடுத்தவர்; 2008-ல் கணவரோடு சேர்ந்து ‘மாற்று நோபல்’ பெற்றவர். ஆறாம் வகுப்புக் கிருஷ்ணம்மாள் மிராசுதார் முன்னால் வந்து நின்றார்.

“தாத்தா, உங்களுக்கு எத்தனை வேலி நிலம்?”

“அதெல்லாம் ஏதும்மா இப்ப? உச்சவரம்புலயே போயிருச்சு.”

“சரி, மிச்சம் எவ்வளவு?”

தலைமையாசிரியை ஓடிவந்து மைக்கை வாங்கினார்.

பெரியவரின் கெட்ட நேரம் அதோடு விடவில்லை. கோட்டு, காதில் ஒட்டுக்கடுக்கன், பிவிசி குழாயில் செய்த நாகஸ்வரத்தோடு திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வந்தார். கூடவே அவருடைய தம்பி, கையில் உளி. அவன் நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியாம். ராஜரத்தினத்துக்காகச் சுருதி இறங்கிய பாரி நாயனத்தைக் கடைந்து கொடுத்தவர். நாயனத்துக்கு ஆச்சா மரம் வேண்டும், அதுவும் நாள்பட்டுக் காய்ந்த பழைய வீட்டு உத்திரமாகப் பார்த்து வாங்குவார்கள் என்று விளக்கிய சின்ன ஆசாரி, பெரியவரிடம் திரும்பி, “உங்க வீட்டை எப்ப தாத்தா இடிப்பீங்க?” என்று கேட்டான். நல்ல மரத்துக்காகக் கேட்டதுதான், தப்பாக ஒன்றுமில்லை.

அப்புறம் நெல் கொள்முதல் நிலைய எழுத்தராக ஒரு சிறுமி. காதில் பேனா, கையில் பழைய கால்குலேட்டர். என் மஞ்சப்பைக்குள் கையை விட்டு நாலு நெல்லை எடுத்தாள். கால்குலேட்டரைத் தட்டினாள். “ஈரப்பதம் 21. பதினேழுக்கு மேல இருந்தா எடுக்க மாட்டோம். காய வச்சு அடுத்த வாரம் கொண்டாங்க.” கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ரோட்டோரம் நெல்லைக் குவித்துப் படுதா போட்டு மூடி, ராத்திரியெல்லாம் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு அது. தலைமையாசிரியைக்குத்தான் சந்தேகம். “நமக்கு ஊக்கம் கொடுத்தவங்க வேஷம்தானேம்மா சொன்னேன்?”

“கொள்முதல்ல இவரைப் பார்த்தாத்தான் டீச்சர் எங்கப்பா துண்டை இடுப்புக்கு இறக்கி எழுந்து நிப்பாரு.”

கடைசியாக ஒரு பையன் பள்ளிச் சீருடையிலேயே வந்தான். தோளில் வெள்ளைத் துணி, பையில் சீப்பு. “நான் எங்க மாமா. பஸ் ஸ்டாப் பக்கத்துல சலூன். பள்ளிக்கூடம் திறக்குறதுக்கு முதல் நாள் காசு இல்லாத பிள்ளைங்களுக்கும் வெட்டி விடுவார்.” அவ்வளவுதான் பேச்சு. கும்பிட்டுவிட்டு இறங்கினான்.

“சலூன்காரனெல்லாமா சேர்த்தி?” என்றார் பெரியவர்.

என் இடது பக்கம் அதுவரை தூங்குவதுபோல் இருந்த ஓய்வுபெற்ற தமிழய்யா கண்ணைத் திறந்தார். “பெரிய கோயில் கல்வெட்டைப் பார்த்திருக்கீங்களா? நாவிதர், வண்ணார், குயவர், தையல்காரர், கணக்கர், குடை பிடிக்கிறவர், இன்னாருக்கு இத்தனை பங்குன்னு வெட்டி வச்சிருக்கு. ஒரு பங்குன்னா வருஷத்துக்கு நூறு கலம் நெல். கோயில்ல ஆடின தளிச்சேரிப் பெண்கள் நானூறு பேருக்கு எந்தச் சிறகுல எத்தனாவது வீடுங்கிறது வரைக்கும் இருக்கு. ராஜராஜனே சேர்த்தாச்சு. அதை வேண்டாங்கிறதுக்கு நீங்க யாருங்க?”

ஐப்பசி சதயத்தன்று ராஜராஜன் சிலைக்கு மாலை விழுகிறது. 2022-ல் அதை அரசு விழாவாகவே அறிவித்துவிட்டார்கள். அவன் சுவரில் எழுதி வைத்த பட்டியலுக்கு ஒரு முழம் கதம்பம் வைத்தவரை நான் பார்த்ததில்லை. அதன் முன்னால் செல்ஃபி எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதல் பரிசு சலூனுக்கு. இரண்டாம் பரிசு ஈரப்பதத்துக்கு. நம்மாழ்வார்களுக்கு ஆளுக்கு ஒரு டம்ளர் சுக்குக் காபி. பெரியவர் கையெழுத்துப் போட்டார். பேனாவை மட்டும் கொஞ்சம் பலமாக அழுத்தினார்.

மறுநாள் எதிர்வீட்டு அண்ணனிடம் மஞ்சப்பையோடு போனேன். “அண்ணே, ரெண்டு கிலோ விதை இருக்கு. வயல்ல ஓரமா போட்டுக் கொடுங்களேன்.”

“ஓரமாவா? ஒத்தை நாத்தா நட்டா ஒரு ஏக்கருக்கு வரும் தம்பி. அஞ்சு மாசத்துக்கு மேல வயலை அடைச்சுக்கிட்டு நிக்கிற ரகம். ஆள் உசரம் வளரும், காத்தடிச்சா படுத்துக்கும். யாரு இதை உங்க தலையில கட்டுனது?”

“நெல் ஜெயராமன்.”

அண்ணன் பையை வாங்கி ஒரு நெல்லைக் கடித்துப் பார்த்தார். “அவர் கடன்னா அடைக்கத்தான் வேணும். ஆவணியில நாத்தங்கால் போடுவோம். நடவுக்கு ஆள் கிடைக்கல, நீங்களும் இறங்கணும். நாலு கிலோ உங்களுக்கு, மிச்சம் எனக்கு.”